ஐந்து நிறுவனங்களுக்கும் நகல்

மார்ச் 3

மதிப்பிற்குரிய கொள்முதல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சியின் வாடகை வீடுகளுக்கு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலித்து வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒன்றை வாங்குவதற்காக நீங்கள் வெளியிட்ட டெண்டர் ஆவணம் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. சின்ன நிறுவனம். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். தொழில்நுட்பப் பொறுப்பு என்னுடையது. ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் இந்த வேலையே நமக்கு வேண்டாம் என்றுதான் முதலாளியிடம் சொன்னேன். "நகராட்சி வேலைம்மா, அஞ்சு வருஷம் சோறு போடும். கையெழுத்து யாரோடதா இருந்தா நமக்கென்ன?" என்றார். அவருக்கு விவரம் தெரியாது.

சந்தேகங்களை எழுத்தில் மட்டுமே கேட்க வேண்டும், தொலைபேசியிலோ நேரிலோ பேசக் கூடாது என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மிகவும் வசதியான விதி. ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

கேள்வி 1: விதி 14 இப்படிச் சொல்கிறது: "மென்பொருள் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால், ஏன் நிராகரித்தது என்பதை விண்ணப்பித்தவருக்குப் புரியும் மொழியில், ஒரு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும்." புரிந்ததா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது?

கேள்வி 2: விதி 22-இன்படி, ஒப்பந்தம் முடிந்து பிரியும்போது நகராட்சியின் தகவல்கள் அனைத்தையும் முப்பது நாளுக்குள், பயன்படுத்தும் நிலையில் திருப்பித் தர வேண்டும். அதற்கான செலவு யாருடையது?

கேள்வி 3: மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது என்று வெளியாள் ஒருவர் வந்து சோதிப்பார் என்று இருக்கிறது. அவர் எங்கள் போட்டி நிறுவனத்தின் ஆளாக இருக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

கேள்வி 4: விதி 14-ஐ எழுதியது நீங்கள்தான் என்று வாசகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் ஓர் இயந்திரம் 'இல்லை' என்று சொன்னால் காரணம் சொல்லியாக வேண்டும். சரி. பதினோரு வருஷம் கூடவே வாழ்ந்த மனைவி, "வேற ஊர்ல வேலை வந்திருக்கு, போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டால், புருஷன் "உன் இஷ்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்ளலாமா? அவருக்கு விதி 14 பொருந்தாதா?

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பொறுப்பாளர்
(கையெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான்)


மார்ச் 9

தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'தங்கள்' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, வரவில்லை. 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெண்டர் முடியும்வரை நாம் எழுதிக்கொள்ளும் ஒவ்வொரு கடிதமும் இங்கே தபால் பிரிவில் முத்திரை வாங்கிக் கோப்பில் சேரும். தபால் பிரிவு அம்மா உன் கடிதத்தைப் பதிவு செய்துவிட்டு, "சார், உங்க வீட்டம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.

பதில் 1: புரிந்ததா என்பதை விண்ணப்பித்தவரே முடிவு செய்வார். புரியவில்லை என்று அவர் சொன்னால் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

பதில் 2: செலவு நிறுவனத்துடையது. பிரியும்போது என்ன செய்வது என்பதைச் சேரும்போதே பேசிவைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பதில் 3: உறுதி உண்டு. எழுத்தில் தரப்படும்.

பதில் 4: கேள்வி பரிசீலனையில் உள்ளது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபப்படாதே. ஒரு நிறுவனம் கேட்கும் கேள்வியும் அதற்கான பதிலும் ஒரு சொல்கூட மாறாமல் டெண்டரில் இருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் போக வேண்டும் என்று இங்கே ஒரு விதி இருக்கிறது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காக நான்தான் அதைக் கொண்டுவந்தேன். உன் நான்காவது கேள்வியை மட்டும் எடுத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். எனக்குச் சங்கடம் என்பதற்காக நான் இன்று ஒரு வரியை வெட்டினால், நாளைக்கு இந்த நாற்காலியில் உட்காருகிறவர் தனக்குப் பிடிக்காத பத்து வரியை வெட்டுவார். ஆகவே வெட்டவில்லை. உன் கடிதம் அப்படியே ஐந்து நிறுவனங்களுக்கும் போய்விட்டது.

உங்கள் ஊரில் மழை என்று செய்தியில் பார்த்தேன். நனையாதே. நனைந்தால் உடனே தலையைத் துவட்டு.

இப்படிக்கு,
கொள்முதல் அலுவலர்


மார்ச் 14

அடப் பாவி மனுஷா,

உங்களுக்கு மூளை இருக்கிறதா, இல்லை அதையும் டெண்டர் விட்டுத்தான் வாங்க வேண்டுமா?

முதலாளி டீயும் கையுமாக என் மேசைக்கு வந்தார். நகராட்சியிலிருந்து வந்த தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "ஏம்மா, அந்தக் கையெழுத்து இவருதானா?" என்று கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அத்தோடு விட்டதா? பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறதே ஒரு நிறுவனம், அதன் மேலாளர் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு, "நாலாவது கேள்விக்குப் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் போட்டிருக்காரே, இது எந்த ஊரு நியாயம் சார்? எங்க ஆபீஸ் ரெண்டு கட்சியா பிரிஞ்சு கிடக்கு" என்கிறார். பாதிப் பேர் என் கட்சியாம். மீதிப் பேர், அந்த மனுஷனுக்கு ஏதோ காரணம் இருக்கும், பாவம் என்கிறார்களாம். என் குடும்பம் இப்படி ஐந்து அலுவலகத்தில் டீ நேரத்துப் பேச்சாகப் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எதற்கு நான்காவது கேள்வியை எழுதினேன் என்று கேட்பீர்கள். ஆத்திரம். விதி 14-ஐப் படித்ததும் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. நான் உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்த மனுஷன், ஊரில் இருக்கிற இயந்திரமெல்லாம் வாயைத் திறந்து பேச வேண்டும் என்று சட்டம் போடுகிறாரே என்று.

விதி 22-க்கு வருகிறேன். பிரியும்போது எல்லாவற்றையும் முப்பது நாளுக்குள், பயன்படுத்தும் நிலையில் திருப்பித் தர வேண்டும், இல்லையா? நான் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் நீல மிக்சி இன்னும் உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. பயன்படுத்தும் நிலையில் இருக்கிறதா?

வக்கீல் மூலமாக நான் அனுப்பிய விவாகரத்துக் காகிதமும் உங்களிடம்தான் இருக்கிறது. கையெழுத்தும் போடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுவும் பரிசீலனையில் உள்ளதா?

நனைந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டேன். இதையும் ஐந்து நிறுவனங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

வாயாடி


மார்ச் 18

வாயாடிக்கு,

உன் இந்தக் கடிதத்தில் டெண்டர் பற்றிய கேள்வி எதுவும் இல்லாததால் யாருக்கும் அனுப்பவில்லை. கோப்பில் மட்டும் இருக்கிறது. தபால் பிரிவு அம்மா இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். மதியம் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

மிக்சி நன்றாக ஓடுகிறது. மூடியில் ஒரு விரிசல், டேப் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது எழுதப்போவது முக்கியமான விஷயம். டெண்டரைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: "போட்டியிடும் நிறுவனம் எதிலாவது உங்கள் கணவரோ மனைவியோ பணிபுரிகிறாரா?" ஆம் என்றால் நான் குழுவிலிருந்து விலகிவிட வேண்டும். உங்கள் நிறுவனம் போட்டியில் தொடரலாம், அதற்குத் தடை இல்லை. சட்டப் பிரிவில் கேட்டேன். உன் வக்கீல் அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டால், தீர்ப்பு வராவிட்டாலும் இந்த உறுதிமொழிக்கு அதுவே போதும், நான் 'இல்லை' என்று எழுதலாம், குழுவிலும் தொடரலாம் என்றார்கள்.

நான் விலகினால் என்ன என்று கேட்பாய். நகராட்சித் தலைவருக்கு விதி 14 பிடிக்கவில்லை. "காரணம் சொல்றதுக்கெல்லாம் தனியா காசு கேப்பானுங்க, எடுத்துடுங்க" என்று மன்றக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார், ரகசியம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான் ஒருவன்தான். நான் போனால் என் இடத்துக்கு என் உதவியாளர் வருவார். தங்கமான பிள்ளை, ஆனால் தலைவர் இருமினால்கூடத் தலையாட்டிவிடுவார்.

அந்த விதி எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதே வேலைக்கு முன்பு மலிவாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தோம். நீ போன அடுத்த மாதம், கவுன்டரில் ஆள் இல்லாத ஒரு நாள் நான் உட்கார்ந்திருந்தேன். துணி தைக்கும் அம்மா ஒருவர் வந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறவர். வீடு கேட்டு விண்ணப்பித்ததற்குத் 'தகுதியில்லை' என்று வந்திருந்தது.

"ஏன் சார்?"

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுதும்மா."

"கம்ப்யூட்டருக்கு என்னை எப்படி சார் தெரியும்?"

மென்பொருள் விற்ற நிறுவனத்தைக் கேட்டேன். அது தொழில் ரகசியம், சொல்ல முடியாது என்றார்கள். நாங்கள் போட்ட ஒப்பந்தத்தில் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அந்த அம்மா திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் வீடு கேட்டு வரவில்லை, காரணம் கேட்டு வந்தார். "இல்லன்னா இல்லன்னு போயிடுவேன் சார். ஏன்னு தெரியாம எப்படித் தூங்கறது?" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் விதி 14-ஐ எழுதினேன்.

27ஆம் தேதிக்குள் உறுதிமொழியைக் கொடுக்க வேண்டும். நீ என்ன சொல்கிறாய்? உன் விருப்பம் எதுவோ அப்படியே செய்கிறேன்.

உம்மணாமூஞ்சி


மார்ச் 22

உம்மணாமூஞ்சிக்கு,

திரும்பவும் ஆரம்பித்துவிட்டீர்களா? 'உன் விருப்பம் எதுவோ' என்றால் என்ன? அதே 'உன் இஷ்டம்'தான், இந்தத் தடவை முத்திரை குத்தித் தபாலில் வந்திருக்கிறது.

நான் எதுவும் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி உங்களிடம் கேட்டது. உங்களுக்கு மனைவி இருக்கிறாளா இல்லையா என்பதை நான் எப்படிச் சொல்வது? விதி பிழைக்க வேண்டும் என்பதற்காக என்னை 'இல்லை' என்று எழுத வேண்டாம். பாவம் பார்த்து 'ஆம்' என்றும் எழுத வேண்டாம். உங்கள் மனசுக்குள் எது உண்மையோ அதை எழுதுங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என் முகத்தைப் பார்க்காமல், உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு முடிவெடுங்கள்.

அந்தத் தையல்கார அம்மாவை நினைத்து அழுதுவிட்டேன். இதை அப்போதே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன?

உங்கள் விதி எங்கள் உயிரை வாங்குகிறது, தெரியுமா? கணக்குப் போடுவது இயந்திரத்துக்குச் சுலபம். அதைப் பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முதலில் "அளவுகோல் ஏழில் மதிப்பெண் போதாமை காரணமாக" என்று அச்சிட்டது. எங்கள் ஆபீஸ் கூட்டுகிற அக்காவிடம் கொடுத்து, புரிகிறதா என்று கேட்டேன். "யாரு யாரைத் திட்டறாங்கம்மா இதுல?" என்றார். பத்து நாள் உட்கார்ந்து பிரித்து மேய்ந்தோம். இப்போது, "உங்கள் வாடகை ரசீதில் ஒரு முகவரியும் அடையாள அட்டையில் வேறொரு முகவரியும் இருக்கின்றன. எது சரி என்று காட்டினால் மறுபடி பார்ப்போம்" என்று எழுதுகிறது. அக்காவிடம் காட்டினேன். "இது மனுஷன் பேசற மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. எரிச்சலாகவும் இருந்தது, ஏன் இந்த மனுஷனிடம் சொல்லத் தோன்றுகிறது என்று.

வாயாடி


மார்ச் 27

வாயாடிக்கு,

இன்று காலை உறுதிமொழி கொடுத்துவிட்டேன். 'ஆம்' என்று எழுதினேன். உன் முகத்தைப் பார்த்து எழுதவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தயங்காமல் எழுதியது.

தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது? நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

"ஆமா சார். கல்யாணம் ஆகித் தனியா இருக்கேன்."

"அப்ப 'இல்ல'ன்னு போட்டா யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போய்யா, உருப்பட மாட்டே" என்றார். அரை மணி நேரத்தில் கோப்பு என் உதவியாளர் மேசைக்குப் போய்விட்டது. விதி 14 இனி அவர் கையில். வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தத் தையல்கார அம்மா மறுபடி கவுன்டருக்கு வந்து நின்றால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

மதியம் உதவியாளர் கோப்போடு என்னிடம் வந்தார். "சார், ஒரு கேள்வி 'பரிசீலனையில் உள்ளது'ன்னு நிக்குது. பொறுப்பு எடுத்தவர்தான் பதில் போடணுமாம். உங்க வீட்டு விஷயத்துக்கு நான் என்ன சார் பதில் போடுவேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகத்தில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லை, பயந்துவிட்டார். கடைசியில் இருவருமாகச் சேர்ந்து, "இக்கேள்விக்குச் சம்பந்தப்பட்டவரே பதில் அளிப்பார்" என்று போட்டோம். அது ஐந்து நிறுவனங்களுக்கும் போய்விட்டது. ஆக, ஐந்து நிறுவனங்கள் சாட்சியாக நான் உனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிவிட்டேன்.

சொல்கிறேன். கோப்பில் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது, 'நீயும் வா' என்றேன். நீ உன் வேலையை விட்டுவிட்டு வந்தாய். அந்த வருடம் நீ குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவாய். சத்தம் வெளியே வராது என்று நினைத்தாய். வந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இனி என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லால் இவள் வேலை கெடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். அதனால்தான், வேறு ஊரில் வேலை வந்திருக்கிறது, போகட்டுமா என்று நீ கேட்டபோது, வாயைத் திறந்தால் 'போகாதே' என்று வந்துவிடும் என்று பயந்தேன். 'உன் இஷ்டம்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் என்னால் முடியவில்லை. செய்தித்தாளைப் பிரித்தது முகத்தை மறைக்க. அன்றைக்கு அதில் என்ன செய்தி இருந்தது என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது.

இதுதான் காரணம். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. புரிந்ததா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

உம்மணாமூஞ்சி


ஏப்ரல் 2

உம்மணாமூஞ்சிக்கு,

புரிந்தது. ஆனால் காரணம் தப்பு.

வேலை போனதற்காகக் கொஞ்சம் அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அது இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. மீதி அழுகையெல்லாம் வேறு. புது ஊர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சாயங்காலம் நீங்கள் வருவீர்கள், சாப்பிடுவீர்கள், தட்டைக் கழுவி வைப்பீர்கள், துணி மடிப்பீர்கள். விரலை நீட்டி ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். சுவரோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

குழாய்ச் சத்தத்தைத் தாண்டி என் அழுகை கேட்டது, இல்லையா? வாசலிலேயே நின்றீர்கள், இல்லையா? கதவைத் தட்டி "என்னடி ஆச்சு?" என்று ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? நான் தாழ்ப்பாள்கூடப் போட மாட்டேனே. நீங்கள் கேட்பீர்களோ என்றுதான் போடாமல் இருப்பேன்.

எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும். தகவலைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் இயந்திரம் ஒரு பிசகும் இல்லாமல் கணக்குப் போட்டுத் தப்பான முடிவைக் கொடுக்கும். அதன் மேல் கோபப்பட முடியாது. உங்கள் மேலும் எனக்கு இப்போது கோபப்பட முடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்தக் கோபத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் நின்றேன்.

10ஆம் தேதி குழுவின் முன்னால் எங்கள் மென்பொருளை இயக்கிக் காட்ட வருகிறேன். உங்களைச் சந்திக்கக் கூடாது என்பது தெரியும். தயவுசெய்து வராந்தாவில் வந்து நிற்காதீர்கள். பார்த்தால் என்னால் பேச முடியாது. ஒன்பது பேர் சோறு இதில் இருக்கிறது.

'ஆம்' என்று எழுதியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். உண்மையை எழுதியதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? ஆனால் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வாயாடி


ஏப்ரல் 21

வாயாடிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், பழகிக்கொள்கிறேன். முடிவு வெளிவரும்வரை போட்டியில் இருப்பவரிடம் குழு விஷயம் எதையும் பேசிவிடக் கூடாது என்று பயந்தேன். எழுத உட்கார்ந்தால் ஏதாவது உளறிவிடுவேன். நேற்று முடிவு வந்துவிட்டது. உங்களுக்கும் தபால் வந்திருக்கும். வேலை, பட்டியலில் மூன்றாவதாக இருந்த அந்த நிறுவனத்துக்குப் போய்விட்டது. உனக்காக வருத்தமாக இருக்கிறது. நிஜமாகவே.

குழுவின் கூட்டக் குறிப்பு இப்போது எல்லோரும் பார்க்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன். விதி 14 பிழைத்துவிட்டது. என்னால் இல்லை, உன் நான்காவது கேள்வியால். அந்தக் கடிதம் ஐந்து அலுவலகத்திலும் பேச்சாகிவிட்டது என்று எழுதியிருந்தாய் அல்லவா? மற்ற விதிகளை மேலோட்டமாகப் பார்த்தவர்கள்கூட விதி 14-ஐ வரி வரியாகப் படித்துவிட்டார்கள். ஐந்து பேருமே அதற்குத் தனியாக வேலை செய்து, விலையிலும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். தலைவர் கூட்டத்தில், "அந்தப் பதினாலை எடுத்துடலாம்" என்று ஆரம்பித்தாராம். நம் தலையாட்டி உதவியாளர் எழுந்து, "சார், அஞ்சு பேரும் அதுக்கும் சேர்த்து விலை போட்டுட்டாங்க. இப்ப எடுத்தா டெண்டரையே மறுபடி விடணும், ஒரு வருஷம் தள்ளிப்போகும்" என்றாராம். தலையாட்டாமல் சொன்னாராம். தலைவர் கோப்பைப் புரட்டி அடுத்த விதிக்குப் போய்விட்டாராம்.

நேற்றுச் சாயங்காலம் தையல்கார அம்மா கடைக்குப் போய், அடுத்த தடவை விண்ணப்பித்தால் என்ன வந்தாலும் காரணத்தோடு வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். "வீடு வருமா சார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, அதையாவது சொல்றீங்களே" என்றார்.

10ஆம் தேதி நீ சொன்னபடி நான் வராந்தாவில் நிற்கவில்லை. எதிர்க் கட்டடத்து மாடியில் நின்றேன். அதற்குத் தடை விதி எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நீ கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறாய். சொல்லவே இல்லையே. படியேறும்போது பையை இடது தோளுக்கு மாற்றினாய், வலது தோள் இன்னும் வலிக்கிறதா?

கதவைப் பற்றி எழுதியிருந்தாய். தட்டுவதற்குக் கையை ஓங்கிக்கொண்டு எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். தட்டினால், அழுகிறோம் என்று தெரிந்துவிட்டதே என்று நீ கூனிக் குறுகிவிடுவாய் என்று நினைத்தேன். தப்பான தகவல்தான். உன் காகிதத்தில் கையெழுத்துப் போடாததற்கும் காரணம் சொல்கிறேன். எனக்கு நீ வேண்டும். அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் உன் சத்தம் இல்லாமல் என்னால் முடியவில்லை என்று சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலமும் ஐந்து நிறுவனங்களும் தேவைப்பட்டிருக்கின்றன.

உன்,
உம்மணாமூஞ்சி


ஏப்ரல் 25

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் உதவியாளரின் கடிதம் வந்தது. ஒரே பக்கம். "காரணங்களைச் சொன்ன விதத்தில் உங்கள் மென்பொருள்தான் ஐந்திலும் சிறந்தது. ஆனால் ஐந்து வருடத்துக்குத் தினமும் கவுன்டரில் உதவிக்கு நிற்க ஆட்கள் வேண்டும். உங்களிடம் மொத்தமே ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். அதனால் உங்களைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. புரியவில்லை என்றால் என்னைக் கேளுங்கள்." படித்தேன், அழுதேன், அப்புறம் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். ஏன் என்று தெரிந்துவிட்டால் சாப்பிட முடிகிறது. முதலாளி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இன்று வேறொரு ஊர் டெண்டரைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு, "இங்க உனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லியேம்மா?" என்று கேட்டார்.

ஜெயித்த நிறுவனத்து மேலாளரைப் போனில் வாழ்த்தினேன். நன்றி சொன்ன கையோடு, "நாலாவது கேள்வி என்னாச்சும்மா?" என்றார். பதில் வந்துவிட்டது என்றேன். பின்னால் யாரோ கை தட்டியது கேட்டது.

எதிர்க் கட்டடத்து மாடியில் நின்றது எனக்குத் தெரியும். அந்தச் சாம்பல் நிறச் சட்டையை இன்னும் எத்தனை வருஷம் போடுவதாக உத்தேசம்? உங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேசவே தைரியம் வந்தது. வராதீர்கள் என்று எழுதிவிட்டு, வந்திருக்கிறீர்களா என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன். வெட்கம்கெட்டவள்.

வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காகிதத்தை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், எனக்குத் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள்.

சனிக்கிழமை காலை வருகிறேன். மிக்சிக்குப் புது மூடி வாங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். கதவு திறந்திருந்தாலும் நான் தட்டுவேன். எப்படித் தட்டுவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "கிளம்பட்டுமா?" என்று கேட்பேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கிறது, கிளம்பத்தான் போகிறேன். இருந்தாலும் கேட்பேன். என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். 'உன் இஷ்டம்' என்றோ, 'பரிசீலனையில் உள்ளது' என்றோ சொன்னீர்களானால், பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்.

உங்கள்,
வாயாடி

நகல்: யாருக்கும் கிடையாது